இரண்டரை மணி பின்னால்

என் கடையில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. நானே கைப்பட எழுதியது. ‘ஆப் ஏறவில்லையா? முதலில் போனில் தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் என்னைப் பாருங்கள்.’ பத்து நாளைக்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்பவர்களிடம் ஆணி துருப்பிடித்துவிட்டது என்று சொல்கிறேன். ஆணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் பெயர் மைத்ரேயி. வீடு ஸ்ரீரங்கத்தில். மெயின்கார்ட் கேட் பக்கத்தில் பன்னிரண்டு வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள். போனைத் தண்ணீரில் போட்டு, அதை அரிசிக்குள் புதைத்து, சார்ஜ் ஓட்டைக்குள் இரண்டு அரிசி போய் உட்கார்ந்த பிறகு கொண்டுவந்து நீட்டினால் யார்தான் கொஞ்சுவார்கள்? என் வீட்டுக்காரர் லக்ஷ்மிகாந்த், “உன்கிட்ட வந்தா போன் பிழைச்சுடறது, கொண்டு வந்தவாளுக்குக் காதுதான் போயிடறது” என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கமர் ஜஹான் அம்மாவும் அப்படித்தான் என்னிடம் வந்து மாட்டினார். அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். பாலக்கரையில் வீடு. கையில் புது போன், மகன் முஜிபுர் ரஹ்மான் சவுதியிலிருந்து யார் மூலமோ கொடுத்தனுப்பியது. அதில் ஓர் ஆப் ஏற்ற வேண்டும் என்றார்.

அந்த ஆப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முஜிப் வேலை பார்ப்பது ஊரை விட்டு நானூறு கிலோமீட்டர் தள்ளி, மணலுக்கு நடுவே ஒரு கேம்ப்பில். செல்போன் டவர் அங்கே எட்டாது. கம்பெனி வைஃபை உண்டு. அதில் கம்பெனியே செய்து கொடுத்த ஓர் ஆப் மட்டும்தான் ஓடும். முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் ஒரு தொழிலாளிக்கு ஒரே ஒரு நம்பர், ஒரே ஒரு போன்தான் பதிவு செய்வார்கள். அவன் கொடுத்திருந்தது அம்மாவின் நம்பரை. பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காது. கம்பெனி அனுப்புகிற லிங்க்கில் போய் ஃபைலாக இறக்கி, நாமே கையால் ஏற்ற வேண்டும். ஏற்றிக் கொடுத்தேன். அவன் திரையில் வந்தான், அம்மாவும் மகனும் என் கவுண்டரிலேயே பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அடுத்த விஷயத்தை எடுத்தார்.

“ஏம்மா, இதுல மணிய ரெண்டரை மணி நேரம் பின்னாடி தள்ளி வச்சுத் தாம்மா.”

“எதுக்கு?”

“என் புள்ளைக்கு அங்க அப்படித்தான் மணி ஓடுது.”

நான் சும்மா இருப்பேனா? “அங்க ஓடுற மணி அங்க ஓடட்டும். நீங்க திருச்சியில இருக்கீங்க. மணிய தப்பா வச்சா ஆப்பெல்லாம் மக்கர் பண்ணும். மேல பலகை தொங்குதே, படிக்கலையா?”

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. நம்பர் மட்டும் தெரியும்.”

எனக்குச் சுருதி கொஞ்சம் இறங்கியது. “சரி, ரெண்டு ஊர் மணியும் பக்கத்துப் பக்கத்துல தெரியற மாதிரி வச்சுத் தர்றேன்” என்றேன்.

“ரெண்டு எதுக்கு? கொழப்பிடும். நம்ம ஊரு மணிக்குத்தான் அஞ்சு வேளையும் பாங்கு சொல்றாங்களே. என் புள்ள மணியச் சொல்லத்தான் ஆளில்ல.”

மணி தானாகச் சரியாகிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, கையாலேயே இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளிக் கொடுத்தேன். அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “ஒண்ணே முக்கால். இனி வெயில்ல எறங்குவான்” என்றார்.

அப்புறம் கடைவீதிக்கு வரும்போதெல்லாம் என் கடையில் எட்டிப் பார்ப்பார். போனைப் பார்த்து எனக்கும் செய்தி சொல்வார். “பன்னெண்டரை ஆயிடுச்சு, சாப்பாட்டு பெல் அடிச்சிருப்பாங்க.” “ரெண்டு மணி. திரும்ப வெயில்ல எறங்கியிருப்பான்.” “அஞ்சு. பஸ்ஸுல ஏத்தி கேம்ப்புக்குக் கொண்டாந்திருப்பாங்க, குளிப்பான்.” “குளிக்கிறப்பவாவது பிள்ளையத் தனியா விடுங்கம்மா” என்று நான் கிண்டல் செய்வேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

பதினோரு நாளைக்கு முன்னால், புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு ஓர் ஆட்டோ கடை வாசலில் வந்து நின்றது. அவர் மகள் சம்ரீன் இறங்கினாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கையில் அம்மாவின் போன்.

“அக்கா, அம்மா மவுத்தாயிட்டாங்க.”

கமர் ஜஹான் அம்மா இறந்துவிட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதாம். அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

“அண்ணன் கேம்ப் ஆபீஸ் போன்ல இருந்து பேசுனான். லீவு பேப்பர், பாஸ்போர்ட்டு எல்லாம் கைக்கு வர நாலு நாளாவுமாம். மூஞ்சிய மட்டுமாச்சும் காட்டு சம்ரீன்னு கதறுறான். அந்த ஆப் போன வாரமே நின்னுபோச்சுக்கா. புதுசு போடணும்னு வருது. போட்டா ஏற மாட்டேங்குது. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அம்மாவத் தூக்கிருவாங்க.”

“போன வாரமே ஏன் கொண்டு வரல?” என்று கேட்டுவிட்டேன். சாவு வீட்டுக்காரியிடம்கூட என் வாய் அடங்காது.

“அம்மா வரணும்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ‘மைத்ரேயி திட்டுவா, ஆனா சரி பண்ணிருவா, ஞாயித்துக்கிழமை போவோம்’னாங்க. ஞாயித்துக்கிழமை கடை லீவு. அப்படியே தள்ளிப் போயிடுச்சு. ஒரு வாரமா அவங்க ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துக்கல.”

ஷட்டரை இறக்கினேன். அவள் என்னைத் தேடி வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர்கள் தெருவில் போன் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள். மய்யித்து, அதாவது இறந்தவர் உடல், இருக்கிற அறைக்குள் வெளி ஆண்கள் வரக்கூடாது. கடைசி நேரத்தில் போன் தகராறு பண்ணினால் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு பெண் வேண்டும். ஆட்டோவில் போகும்போதே வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். “பாவமே! போயிட்டு வா. வந்ததும் ஸ்நானம் பண்ணிட்டு உள்ளே வா” என்றார்.

சந்து முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் தம்பி முகம்மது கனி வாசலிலேயே நின்றிருந்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. “நாலே காலுக்கு எடுத்துருவோம்மா. நாலே முக்காலுக்குப் பள்ளிவாசல்ல ஜமாத். அந்தத் தொழுகை முடிஞ்ச கையோட அக்காவுக்கு ஜனாஸா தொழுகை. அதுக்குள்ள என் மருமவனுக்கு அக்கா மூஞ்சியக் காட்டிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்றார். மணி மூன்றே கால். ஒரு மணி நேரம் இருக்கிறது. பத்து நிமிஷ வேலை இது என்று நினைத்தேன்.

உள்ளே குளிப்பாட்டி, வெள்ளைத் துணி உடுத்தி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்களைப் பார்த்தால் தூங்குகிற மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. சிரித்துத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது சிரிக்கவில்லை.

“எதுக்கும் ஒரு வீடியோ எடுத்து வச்சுக்கோ சம்ரீன். பின்னாடி அனுப்பிக்கலாம்” என்று மெதுவாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். “அம்மா சொல்லி வச்சிருக்காங்கக்கா. ‘நான் மவுத்தான பின்னாடி என்னய யாரும் படம் புடிக்கக் கூடாது’ன்னு. நேரா பாக்குறதுன்னா பாக்கலாம். படமா இருக்கக் கூடாதாம்.” சரி, அவர் சொல்லைத் தட்ட நான் யார்?

சுவரோரமாக உட்கார்ந்து போனைத் திறந்தேன். மேல் மூலையில் 12.47 என்று காட்டியது. நான் தள்ளி வைத்த மணி. இரண்டு வருஷமாக அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

பழைய ஆப்பைத் தொட்டால் ‘புதிய பதிப்பை நிறுவவும்’ என்று ஒரு வரி. கம்பெனி லிங்க்கில் போனேன். அந்தப் பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை முழம் கனம், உள்ளே நெட் நொண்டியது. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, சிக்னல் கிடைக்கிற ஜன்னல் மேடையில் அதை வைத்துவிட்டு வந்தேன். ஃபைல் இறங்கியது. தொட்டால், ‘இந்த இடத்திலிருந்து வரும் ஆப்பை ஏற்ற அனுமதி இல்லை’ என்றது. அது தெரிந்த கதைதான். செட்டிங்ஸில் போய் அனுமதி கொடுத்தேன். ‘இது ஆபத்தான ஆப்பாக இருக்கலாம்’ என்று எச்சரித்தது. “ஆமா, நீ ரொம்ப யோக்கியம்” என்று முணுமுணுத்துக்கொண்டே மீறி அழுத்தினேன். நீலக்கோடு பாதி தூரம் ஓடியது. நின்றது. ‘ஆப் நிறுவப்படவில்லை.’ காரணம் சொல்லாது. அந்த வரி எப்போதும் காரணம் சொல்லாது.

இடம் இல்லையோ என்று பார்த்தேன். சுத்தமாக இல்லை. போன் முழுக்க காலை வணக்கம், பூங்கொத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ வாழ்த்து. யாராவது ஒரே நாளில் இருபது ரோஜாப்பூ அனுப்புவார்களா? அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, அம்மா, பிள்ளை, சொந்தபந்தம் யார் முகமும் போய்விடாமல், பூவை மட்டும் அழித்தேன். பெண்கள் ஓதுகிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதற்கே இருபது நிமிஷம் போயிற்று.

மறுபடி ஏற்றினேன். இந்தத் தடவை காரணம் சொன்னது. ஏற்கெனவே இருக்கிற பழைய ஆப்போடு இது ஒத்துப்போகவில்லையாம். கம்பெனிக்காரர்கள் புதுசை வேறு டிஜிட்டல் கையெழுத்தில் செய்திருக்கிறார்கள். பழையதை நீக்கினால்தான் புதியது ஏறும். நீக்கினால் அதில் இருக்கிற பேச்சுக் கணக்கெல்லாம் போய்விடும்.

“சம்ரீன், பழசை எடுத்தாத்தான் வழி. அம்மா எப்போ எப்போ பேசினாங்கங்கிற லிஸ்ட்டு போயிடும். எடுக்கவா?”

அவள் அந்த லிஸ்ட்டைக் கொஞ்ச நேரம் விரலால் தள்ளிப் பார்த்தாள். எல்லா வரியிலும் ஒரே பெயர். எல்லா வரியிலும் பன்னெண்டு முப்பத்தொன்று, பன்னெண்டு முப்பத்திரண்டு. “எடுங்கக்கா” என்றாள். எடுத்தேன். புதியது ஏறிவிட்டது. நீலக்கோடு கடைசி வரை ஓடியதைப் பார்த்தபோது எனக்கு உயிர் வந்தது. மூன்று ஐம்பத்தெட்டு. பதினேழு நிமிஷம் மீதி.

நம்பரைப் போட்டேன். ஆறு இலக்கக் குறியீடு ஒன்று மெசேஜில் வந்தது. அடித்தேன். ‘குறியீடு காலாவதியாகிவிட்டது.’

வந்து பத்து வினாடி ஆகவில்லை, அதற்குள் எப்படிக் காலாவதி ஆகும்? நெட் மெதுவாக இருக்கிறது, மெசேஜ் தாமதமாக வந்திருக்கும் என்று நினைத்தேன். ஜன்னலுக்குப் போய் நின்று இன்னொரு குறியீடு கேட்டேன். வந்த வேகத்தில் அடித்தேன். காலாவதி. வாசலில் நாற்காலிகளை மடக்குகிற சத்தம் கேட்டது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். எனக்கு அதுதான் நடந்தது. யோசிக்கவில்லை. மூன்றாவது தடவையும் கேட்டு அடித்தேன்.

‘பல முறை தவறாக முயன்றுள்ளீர்கள். இருபது நிமிடம் கழித்து முயலவும்.’

அப்போதுதான் என் கண் திரையின் மேல் மூலைக்குப் போனது. 1.33.

ஐயோ பெருமாளே! பன்னிரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் நான். பலகை எழுதித் தொங்கவிட்டவள் நான். அந்தப் போன் கம்பெனிக்கு, ‘நான் இந்தியாவில் இருக்கிறேன், இங்கே மணி ஒன்று முப்பத்துமூன்று’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே அவர்கள் கணக்கில், இரண்டரை மணி நேரத்துக்கு முந்தின குறியீடு. பழைய ஆப் மணியைக் கேட்டதில்லை. புதியது கேட்டது. வேறு யார் போனாக இருந்தாலும் கையில் வாங்கியதும் முதலில் மணியைத்தான் பார்த்திருப்பேன், பார்த்ததும் திட்டியிருப்பேன், திட்டிக்கொண்டே சரி செய்திருப்பேன். இதையும் பார்த்தேன். ஆனால் இது ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததாலேயே அது தப்பாகக் கண்ணில் படவில்லை.

ஒரே ஒரு தொடுதல். மணி தானாகச் சரியாகட்டும் என்று மாற்றினேன். 4.03 ஆனது. ஆனால் பூட்டு பூட்டுதான். இருபது நிமிஷம் என்றால் இருபது நிமிஷம். திரையில் ஓர் எண் பத்தொன்பது, பதினெட்டு என்று இறங்கிக்கொண்டிருந்தது.

வாசலுக்கு ஓடினேன். “ஐயா, நாலு இருபத்திமூணு வரைக்கும் கொடுங்க. என் தப்புதான். அதுக்கு மேல ஒரு நொடி கேட்க மாட்டேன்.”

முகம்மது கனி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சந்தில் நின்றவர்களைப் பார்த்தார். “பள்ளி வரைக்கும் தோள்ல தூக்கிட்டு நடக்கணும்மா. ஜமாத்த நமக்காக நிறுத்தி வைக்க முடியாது. நாலு இருபது. அதுக்கு மேல என்னால முடியாது. நானும் அக்காவ இன்னும் ஒரு நாள் வச்சுக்கிட மாட்டோமான்னுதான் இருக்கேன்” என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் இதற்கு மேல் எப்படிக் கேட்பது?

மூன்று நிமிஷம் குறைகிறது. அந்தப் பதினேழு நிமிஷமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறை வாசலில் நின்றேன். பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கடைசியாக முகம் பார்த்தார்கள். சம்ரீன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எண்ணைப் பார்த்தேன். மூன்று என்றிருந்தது. “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் வெள்ளைத் துணியை முகத்தின் மேல் இழுத்து முடிச்சுப் போட்டாள். நாலு இருபது. நெருங்கிய ஆண்கள் உள்ளே வந்தார்கள். நாங்கள் சுவரோடு ஒதுங்கினோம். சந்தூக்குப் பெட்டியில் வைத்து, பச்சைத் துணி போர்த்தி, தூக்கினார்கள். சம்ரீன் அலறினாள்.

நாலு இருபத்திமூன்றுக்குப் பூட்டு திறந்தது. குறியீடு கேட்டேன். அடித்தேன். ஏற்றுக்கொண்டது. அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டது. கூப்பிட்டேன். ரிங் போன மறு நொடியே முஜிப் திரையில் வந்தான். போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பான். வேலை உடுப்புகூட மாற்றவில்லை. நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தடம்.

“எங்க? அம்மா எங்க? காட்டு!”

சம்ரீன் போனைப் பிடுங்கிக்கொண்டு வாசற்படிக்கு ஓடினாள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. சந்தின் கோடியில் கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் கையை எட்டின மட்டும் நீட்டிப் பிடித்தாள்.

“அதோ போறாங்கண்ணே! அதோ!”

“எங்க? வெள்ளச் சட்டையாத்தான் தெரியுது. அம்மா எங்க?”

“பச்சத் துணி தெரியுதா? தோளுக்கு மேல.”

“தெரியல. கிட்ட போ.”

“போவக் கூடாதுண்ணே.”

“தெரியலடி. எனக்குத் தெரியல.”

கூட்டம் திரும்பிவிட்டது. சந்தில் மடக்கிய நாற்காலிகளும் நாங்களும்தான் இருந்தோம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மா சொல்வோம். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அவன் வெகுநேரம் அழுதான். பிறகு, “படுத்திருந்த எடத்தக் காட்டு” என்றான். அவள் உள்ளே போய்க் காலிக் கட்டிலைக் காட்டினாள். அதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்புறம்தான் கேட்டான். “ஏன் சம்ரீன் இவ்வளவு லேட்டு?”

என்னைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. நானே போனை வாங்கிக்கொண்டேன்.

“நான்தான் தம்பி காரணம். மைத்ரேயி. கடைக்காரி.”

“அம்மா சொல்லியிருக்கு. நல்லாத் திட்டுவீங்களாமே.”

“இன்னிக்குத் திட்டல. திட்டியிருக்கணும். போன்ல மணி தப்பா இருந்துச்சு. அதை முதல்லயே மாத்தியிருந்தா நாலு மணிக்கெல்லாம் உங்க அம்மாவப் பாத்திருப்பீங்க. பாத்தும் விட்டுட்டேன். என் தப்புதான், தம்பி.”

“தப்பான்னா? எப்படி?”

“ரெண்டரை மணி நேரம் பின்னாடி. உங்க ஊர் மணி. அவங்க கேட்டாங்கன்னு நான்தான் வச்சுக் கொடுத்தேன். ரெண்டு வருஷமா அதை மாத்தவே இல்ல.”

திரையில் அவன் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை.

“எனக்குத் தெரியாதேக்கா” என்றான். “சாப்பாட்டு பெல் அடிச்சு நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள போன் வந்துரும். ஆப் நிக்கிற வரைக்கும் ஒரு நாள் தவறினதில்ல. படிக்காத பொம்பள, எப்படித்தான் கணக்குப் போடுதோன்னு நெனச்சுக்குவேன்.”

“கணக்கெல்லாம் போடல தம்பி. உங்க மணியிலதான் இருந்தாங்க.”

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். எதிராளியின் வாயை மூட ஆயிரம் வார்த்தை தெரியும் எனக்கு. அழுகிறவனுக்குச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. நானும் அழுதேன்.

“இப்ப அதுல மணி எத்தனை காட்டுது?” என்று கேட்டான்.

“நாலு இருபத்தொம்பது. மாத்திட்டேன். மாத்தினதுனாலதான் நீங்க வந்தீங்க.”

“திருப்பி வச்சிருங்கக்கா.”

“திருப்பி வச்சா இந்த ஆப் மறுபடி திறக்காது. நாளைக்கு நீங்க பேசணும்னா?”

“சம்ரீன் நம்பர ஆபீஸ்ல எழுதிக் குடுத்துக்குறேன். அந்த போன்ல இருந்து இனிமே யாருக்கா என்னயக் கூப்பிடப் போறா? வச்சிருங்க.”

அவன் போய்விட்டான். நான் செட்டிங்ஸைத் திறந்து, தானாகச் சரியாகும் வசதியை அணைத்தேன். இரண்டரை மணி நேரத்தைப் பின்னால் தள்ளினேன். தள்ளி முடித்தபோது பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். சம்ரீன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நம்ம ஊர் மணி நாலரை. போனில் இரண்டு. திரும்ப வெயிலில் இறங்கியிருப்பான் என்று அவர் சொல்லும் நேரம்.